வெள்ளைப் புடவையில் ஓர் அறை

பாத்திரம் விளக்கும் நாரில் கல்லுப்பைத் தொட்டு, இடது கைக் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் பெனாசிர். அஸர் பாங்கு கேட்டுவிட்டால் மாமி மதியத் தூக்கத்திலிருந்து எழுந்துவிடுவார். அதற்குள் விரல் வெளுத்தாக வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தோல்தான் எரிந்தது. நகத்தோரம் பிடித்திருந்த ஆரஞ்சுக் கறை அசையவில்லை. அசையாது என்பது அவளுக்கே தெரியும். லப்பைக்குடிக்காட்டில் மருதாணியின் குணம் அவளைவிடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அது கெட்ட குணம். வைத்த அன்று அடக்க ஒடுக்கமாக இளம் ஆரஞ்சில் இருக்கும். மறுநாள் செங்கல் நிறமாகும். மூன்றாம் நாள் தெருமுனையில் நிற்பவருக்கும் தெரிகிற மாதிரி கருஞ்சிவப்பாகப் பழுத்து நிற்கும். கல்யாணப் பெண்ணுக்கு அது பெருமை. இத்தா இருக்கும் பெண்ணுக்கு அது பேராபத்து. புருஷன் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு இறங்காமல், பூ, அத்தர், சுருமா, மருதாணி எதையும் தொடாமல் இருக்கிற காலம் அது. இன்றைய கறை நாளை மறுநாள்தான் காட்டிக்கொடுக்கும் என்பதால், பெனாசிருக்குப் பயம் இரண்டு நாள் முன்னதாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கடைசியில் வழக்கம்போல விரலில் ஒரு துணித் துண்டைச் சுற்றிக்கொண்டாள். எழுந்து வந்த மாமி சாகிரா அதைப் பார்த்தார்.

“இன்னைக்கும் அருவாமன பட்டுடுச்சா?”

“ஆமா மாமி.”

“வெங்காயம் அரியத் தெரியல. நீ எப்படித்தான் கோன் புடிச்சியோ.”

எப்படிப் பிடித்தாள் என்று ஊரைக் கேட்டால் சொல்லும். கோன் பெனாசிர் என்றால் வி.களத்தூர் தொடங்கி அரியலூர் சிமெண்ட் ஆலைக் குடியிருப்பு வரைக்கும் தெரியும். முப்பத்து மூன்று வயதில் எத்தனை மணப்பெண்களின் கையைப் பிடித்திருப்பாள் என்பதற்குக் கணக்கில்லை. அரும்பாவூரில் மரச்சிற்பி ஒருவர் வீட்டுக் கல்யாணத்தில், அந்தச் சிற்பியே அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, ஒரு கொடியை அவள் இழுத்து முடிக்கும்வரை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனாராம். அதைத்தான் தன் வாழ்நாள் சர்டிபிகேட்டாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். மணப்பெண் நெளிந்தால், “ஆடாதம்மா. நீ ஆடுனா மாப்ள பேரு கோணிக்கிட்டுப் போவும், அப்பறம் ஆளும் காலத்துக்கும் கோணலாத்தான் இருப்பாரு” என்பாள். அந்தப் பெண் சிரித்துவிட்டு அப்புறம் அசையாது.

இரண்டு கோடுகளுக்கு ஒருமுறை கோனின் மூக்கை இடது கட்டைவிரலில் துடைப்பது அவள் பழக்கம். பத்து வருடப் பழக்கம், கை அதுவாகவே செய்யும். இத்தாவில் அவளைக் காட்டிக்கொடுக்கக் காத்திருந்தது அந்தப் பழக்கம்தான்.

மாமியின் மகன் கவுஸ் இறந்த செய்தி வந்த அன்று அரியலூரில் ஒரு கல்யாணம். நாற்பது கோன் சுருட்டி ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். சார்ஜாவிலிருந்து போன் வந்தது. புருஷன் தூக்கத்திலேயே மவுத்தாகிவிட்டான். நெஞ்சுவலி என்றார்கள். நாற்பது வயது. மையத்தை ஊருக்குக் கொண்டுவராமல் அங்கேயே அடக்கினார்கள். கடைசியாகப் பார்க்க முகமும் கிடைக்கவில்லை, போய் நிற்க ஒரு கபரும் இல்லை. அழுகைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அந்த டப்பாவை யாரோ எடுத்து ஃபிரீசருக்குள் தள்ளியிருந்தார்கள். உறைந்து கிடந்தால் மருதாணி மாதக்கணக்கில் கெடாது.

மாமி ஆறு வெள்ளைப் புடவைகள் எடுத்துக் கொடுத்தார். ஹாலுக்கும் அவள் அறைக்கும் நடுவே பச்சைத் திரை விழுந்தது. ஆண் குரல் கேட்டால் அவள் திரைக்குள் போய்விட வேண்டும். போய்விட்டாள். பிள்ளை இல்லை. ஒன்பது வருடக் கல்யாணத்தில் கவுஸ் ஊருக்கு வந்தது நாலே லீவு. அதில் நீளமானது அறுபத்திரண்டு நாள். இத்தா நூற்றுமுப்பது நாள். “அவுங்களோட சேர்ந்தாப்ல இருந்ததவிட அவுங்களுக்காவ இருக்குறதுதான் ரெண்டு பங்கு மாமி” என்று ஒருநாள் சொன்னாள். மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுத அழுகையில் அவளுக்கே பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தக் கணக்கை வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்னொரு கணக்கையும் அவளால் விட முடியவில்லை. சார்ஜா நம் ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஒன்பது வருடமாகக் கடிகாரத்தைப் பார்த்ததும் ஒன்றரையைக் கழித்துக் கழித்து, மனம் அப்படியே நின்றுபோயிருந்தது.

“மணி என்ன புள்ள?”

“நாலு மாமி.”

“பொழுது சாஞ்சு மஃரிபுக்கு ஒளுச் செய்யிற நேரமாச்சு, நாலுங்குற.”

அப்போதுதான் நாக்கைக் கடித்துக்கொள்வாள். யாருக்காகக் கழித்தோம் என்று நினைத்ததும் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வாள்.

பதினெட்டாம் நாள் அது தொடங்கியது. தொழுத பாயிலேயே உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கவுஸ் வீடியோ காலில் பேசும்போது அவன் தலைக்கு மேலே தெரியுமே ஒரு காலண்டர், அது ஆணிக்கு வலப்பக்கமா இடப்பக்கமா? தெரியவில்லை. எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. இரண்டு வருடமாக வெள்ளிக்கிழமை தவறாமல் பார்த்த அறை அது. கம்பெனி கொடுத்த புது ரூம் என்று சொல்லியிருந்தான். அங்கேதான் அவன் கடைசி மூச்சு பிரிந்தது. முகமும் கபரும் இல்லாதவளுக்கு மிச்சமிருந்தது அந்த அறை ஒன்றுதான். பதினெட்டு நாளில் காலண்டர் போய்விட்டது என்றால், நூற்றுமுப்பது நாள் முடிவதற்குள் என்னென்ன போகும்? போனில் இமோ ஆப்பில் தேடினாள். பேசிய நேரங்கள் மட்டும் வரிசையாக இருந்தன. படம் ஒன்றுகூட இல்லை.

மறுநாள் மாமி தூங்கிய நேரத்தில் ஃபிரீசரைத் திறந்து ஒரு கோனை எடுத்துக் கக்கத்தில் வைத்து இளக்கினாள். பேப்பரில் வரைந்தால் பார்ப்பவர் கண்ணில் படும். ஆறாவது வெள்ளைப் புடவையை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். மடித்து மற்ற ஐந்துக்கும் அடியில் வைத்துவிட்டால் யார் பிரித்துப் பார்க்கப்போகிறார்கள்?

முதலில் கவுஸ் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலி. பின்னால் இரட்டைத் தட்டுக் கட்டில். மேல்தட்டிலிருந்து தொங்கும் யாரோ ஒருவரின் துண்டு. வெயிலுக்காக வெள்ளித்தாள் ஒட்டிய ஜன்னல். ஏ.சி. தண்ணீர் சொட்டுகிற சிவப்பு வாளி. வாளி சிவப்பு என்று அவளுக்குத் தெரியும். துணியில் எல்லாம் ஒரே பழுப்புதான், ஆனாலும் அதைக் கொஞ்சம் அழுத்திப் போட்டாள். காலண்டரை ஒரு சதுரத்தில் ஆணிக்கு வலப்பக்கமும் இன்னொன்றில் இடப்பக்கமும் மாட்டினாள். ஆம், சதுரம் ஒன்றோடு நிற்கவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைக்கும் ஒரு சதுரம். அறை மாறாது, சுவர்க் கடிகாரம் மட்டும் மாறும். இரண்டே கால், அவன் தும்மிக்கொண்டே பேசிய நாள். மூன்று பத்து, பெருநாள் பிரியாணி எப்படி என்று கேட்ட நாள். நாலு மணி, ‘என்னமோ போ, ஒன்னய நெனச்சா பாவமா இருக்கு’ என்று காரணமில்லாமல் சொன்ன நாள். நினைவிருந்த வெள்ளிகளுக்கு மட்டும் போட்டாள். பதினொன்று தேறியது.

கவுஸை மட்டும் வரையவில்லை. உருவம் வரைவது கூடாது என்று வளர்ந்தவள். ஆனால் அறையை வரையும்போது ஒரு சிக்கல் வந்தது. அவன் தலையும் தோளும் மறைத்த இடத்தில் சுவரில் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததை எப்படி வரைவது? அந்த இடத்தை வெள்ளையாகவே விட்டுக் கோடுகளைச் சுற்றி நிறுத்தினாள். மூன்று சதுரம் முடித்துத் தள்ளி நின்று பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று சதுரத்திலும் கவுஸ் உட்கார்ந்திருந்தான். கண் இல்லை, வாய் இல்லை. அந்தத் தலைச் சரிவும் வலது தோள் கொஞ்சம் இறங்கிய உட்காரலும் அவனுடையதேதான். புடவையைச் சுருட்டி அலமாரியில் திணித்துவிட்டு அன்று முழுதும் அந்தப் பக்கம் போகவில்லை. மறுநாள் மாமி எப்போது தூங்குவார் என்று காத்திருந்தாள்.

பயந்துகொண்டே செய்த வேலை என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு பொய் வேண்டியிருந்தது. காய்ந்து உதிரும் பொருக்கைப் பெருக்கி எடுத்துக் குளியலறையில் தண்ணீர் ஊற்றிவிடுவாள். விரலுக்கு அருவாமனை. வாசனைக்குத்தான் வழியில்லாமல் போயிற்று. நிறம் பிடிக்க மருதாணியில் நீலகிரித் தைலம் கலப்பது அவள் கைப்பக்குவம். கோனைக் கிள்ளியதும் அறை முழுக்க அந்த நெடி. “சளி பிடிச்சிருக்கு மாமி, தைலம் தேச்சேன்” என்றாள். மாமி நல்ல மனுஷி. இல்லாத சளிக்குத் தினமும் சாயங்காலம் மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தார். எழுபது நாளுக்கு மேல் அந்தக் கஷாயத்தைக் குடித்திருப்பாள். நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

எண்பத்தெட்டாம் நாள் நாத்தனார் மர்ஜியா பெரம்பலூரிலிருந்து அம்மாவைப் பார்க்க வந்தாள். வந்த சூட்டுக்கு ஐஸ் தண்ணீர் வேண்டுமென்று ஃபிரீசரைத் திறந்தாள். பெனாசிர் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“இது என்னம்மா, ஐஸ்கிரீமா?”

“அவ கோனு. கெடக்கட்டும், விடு” என்றார் மாமி.

மர்ஜியா விடவில்லை. டப்பாவின் மூடியைத் திறந்தாள். “நாப்பது சுருட்டி வச்சிருந்தான்னு அன்னைக்கு எல்லாரும் சொல்லிச் சொல்லி அழுதாங்க. ஏழுதான கெடக்கு.”

“கெட்டுப்போச்சுக்கா. தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள் பெனாசிர்.

மர்ஜியா அவளைப் பார்த்தாள். துணி சுற்றிய விரலைப் பார்த்தாள். மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். மர்ஜியா கெட்டவள் இல்லை. தம்பி செத்த துக்கம் அவளுக்கும் ஆறவில்லை. கிட்டே வந்து, அம்மா காதில் விழாதபடி சொன்னாள்.

“நான் எதயும் கேக்கல. ஊரு வாயி சும்மா இருக்காது பெனாசிரு. இத்தாவுல கோன் போட்டான்னு ஒரு பேச்சு வந்துச்சுன்னா, அப்பறம் எந்தக் கல்யாண வூட்டுலயும் ஒன்னயக் கூப்புடமாட்டாங்க. எம் தம்பி பேரும் சேர்ந்து கெடும்.”

அவள் போன பிறகு பெனாசிர் இரண்டு நாள் கோனைத் தொடவில்லை. புடவையைக் கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடலாமா என்று தீப்பெட்டியைக்கூடக் கையில் எடுத்தாள். மூன்றாம் நாள் தீப்பெட்டியை அடுப்படியில் வைத்துவிட்டுக் கோனைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். அறை இன்னும் முடியவில்லையே. மூன்று சுவர்தான் ஆகியிருந்தது.

நாலாவது சுவர்தான் அவளுடைய பெரிய பயம். கவுஸ் போனை எதன் மேலோ சாய்த்து வைத்துப் பேசுவான். போனுக்குப் பின்னால் இருந்ததை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை. பழைய ரூமில் இருந்தவரை அவன் அப்படி இல்லை. போனைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டுவான், அடுப்பில் கொதிக்கும் குழம்பைக்கூடக் காட்டுவான். புது ரூமுக்குப் போனதிலிருந்து அது நின்றது. தினமும் வந்த போன் வெள்ளிக்கு வெள்ளி என்று சுருங்கியதும் அப்போதிருந்துதான். டூட்டி மாறிவிட்டது என்றான். “கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன்” என்றால், “அந்தப் பக்கம் என்ன இருக்கு, செவுருதான்” என்பான். சொல்லும்போதே கண் ஒரு நொடி அந்தப் பக்கம் போய் வரும். ஒருமுறை பேச்சின் நடுவில் அந்தப் பக்கம் பார்த்து, சத்தம் போடாதே என்பதுபோல் கையமர்த்தினான்.

யாரை? உயிரோடு இருந்தபோது அந்தக் கேள்வியைச் சோற்றோடு சோறாக விழுங்கியிருந்தாள். இப்போது, நாலு சுவருக்குள் நூறு நாள் இருந்தவளுக்கு, அது விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றது. அந்தப் பக்கம் ஒரு பெண் இருந்திருப்பாளா? ஒரு கொடியில் அவள் துணி காய்ந்திருக்குமா? இறந்தவரைச் சந்தேகப்படுவது பாவம் என்று மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்வாள். தொழுகைப் பாயை மடிப்பதற்குள் மறுபடி சந்தேகம் வரும். புடவையில் முந்தானைப் பக்கம் இரண்டு முழம் வெள்ளையாகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ அங்கிருந்து தன்னைப் பார்ப்பதாகவே இருக்கும் அவளுக்கு.

நூற்றொன்றாம் நாள் வைரக்கண்ணு வந்தான். மீன்சுருட்டி ஊர்க்காரன். கவுஸின் கூட்டாளி. இறந்த செய்தியைப் போனில் சொன்னவன் அவன்தான். பதினைந்து நாள் லீவில் வந்தவன், கவுஸின் பையைக் கொடுத்துவிட்டுப் போக வந்திருந்தான். ஹாலில் மாமிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தான். திரைக்கு இந்தப் பக்கம் பெனாசிர், அப்போதுதான் கக்கத்தில் வைத்த கோனோடு, அசையாமல் நின்றாள்.

“அண்ணி, நல்லாருக்கீங்களா” என்று கேட்டுவிட்டு, அப்படிக் கேட்டது தப்போ என்று அவன் குரல் இழுத்தது. “அண்ணன் பொருளெல்லாம் இதுல இருக்குங்க. தொழுவுற பாயி, கண்ணாடி, ரெண்டு கைலி.”

மாமி பாயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். டீ குடித்தான். ஊர், மழை, கடலைக்கொல்லை என்று கொஞ்சம் பேசினான். அவன் எழுந்துவிட்டால் அப்புறம் கேட்க யாரும் இல்லை. கேட்டு, பதில் வந்துவிட்டால் அதோடு வாழ வேண்டும். கேட்காமல் இருந்தாலும் வாழ வேண்டும். பெனாசிர் திரையை ஒட்டி வந்து நின்றாள்.

“ஒண்ணு கேக்கணும்” என்றாள். “போன் வச்சுப் பேசுவாங்கல்ல. அந்தப் போனுக்குப் பின்னாடி, அந்தப் பக்கம், என்ன இருந்துச்சு?”

வைரக்கண்ணு டீ டம்ளரைக் கையில் உருட்டினான்.

“கதவுங்க. செருப்பெல்லாம் கெடக்கும்.”

“யாரு இருப்பாங்க?”

நாற்காலி கிரீச்சிட்டது. “நாங்கதாங்க இருப்போம். நாங்க நாலு பேரு.” அவன் நிறுத்தி, பிறகு ஒரேயடியாகச் சொன்னான். “அது எங்க ரூமுங்க அண்ணி. அண்ணன் அங்க தங்கல.”

மாமியின் கையில் ஓடிக்கொண்டிருந்த தஸ்பீஹ் மணி நின்றது.

“ரெண்டு வருசம் முன்னாடி கம்பெனியில ஆள் கொறச்சாங்க. அண்ணனும் அதுல போயிட்டாரு. ஊருக்குச் சொல்லிடாதடான்னாரு. அப்பறம் டவுனுக்கு வெளிய ஒரு குடோன்ல வாட்ச்மேன் வேல. நைட்டு டூட்டி. அங்கயே தகரத்துல ஒரு கேபின், பகல்ல அதுலதான் படுத்துக்குவாரு. வெள்ளிக்கெழம மட்டும் ஜும்மா முடிச்சுட்டு பஸ் புடிச்சு எங்க ரூமுக்கு வருவாரு. குளிப்பாரு. நல்ல சட்ட ஒண்ண எங்ககிட்டயே வச்சிருந்தாரு, அதப் போட்டுக்கிட்டு ஒக்காந்து பேசுவாரு. அந்த எடத்தப் பாத்தா அவ பயந்துக்குவாடாம்பாரு.”

அவனே தொடர்ந்தான்.

“வெளிய வெயிலு, நாங்க எங்க போறது. கதவோரமா ஒக்காந்துக்குவோம். காதுல பாட்டு மாட்டிக்குவோம் அண்ணி, சத்தியமா நீங்க பேசுனது ஒண்ணும் எங்களுக்குக் கேக்காது.”

பெனாசிருக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை ஒளிக்க வேண்டியதில்லை. பெண் இல்லை என்று அறிந்த நொடியில் உடம்பு லேசாகிவிட்டது. அடுத்த நொடி அந்த நிம்மதிக்காகக் கூசிப்போனாள். நாலு ஆண்கள் காதை அடைத்துக்கொண்டு செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்க, இவள் திருப்பிக் காட்டு திருப்பிக் காட்டு என்று நச்சரித்திருக்கிறாள்.

“தகரமா?” என்றார் மாமி. “அந்த வெயில்ல, எம் புள்ள தகரத்துக்குள்ளயா படுத்திருந்தான்?”

“ஃபேன் இருந்துச்சும்மா.”

“அங்கயா மவுத்தானான்?”

“சாயங்காலம் டூட்டிக்கு எந்திரிக்கலன்னு போன் வந்துச்சும்மா. கதவ ஒடச்சது நான்தான்.”

அதைக் கேட்டதும் பெனாசிருக்கு வந்த பயம் வேறு மாதிரி இருந்தது. இத்தனை நாள் கண்ணை மூடினால் கவுஸ் இருந்தான். பச்சைச் சுவர், காலண்டர், வாளி, அதன் நடுவில் அந்த வெள்ளை இடத்தில் இருந்தான். இப்போது மூடிப் பார்த்தாள். அறை இருந்தது, அவன் இல்லை. அவன் எங்கோ ஒரு தகரத்துக்குள் படுத்திருக்கிறான். அதற்குக் கதவு எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எண்பது நாள் ஒளிந்து ஒளிந்து வரைந்தது யாரோ நாலு பேருடைய அறையை. அவன் போன இடத்தை உள்ளே நுழைந்து பார்த்த ஒரே மனிதன் திரைக்கு அந்தப் பக்கம் டீ டம்ளரைக் கீழே வைக்கிறான்.

“வரேங்கம்மா. அரியலூரு பஸ்ஸு நாலரைக்கு. வரேன் அண்ணி.”

அலமாரியில் ஐந்து புடவைகள் சரிந்து விழுந்தன. ஆறாவதை இழுத்தெடுத்து, முந்தானைப் பக்கத்தைத் திரைக்கு அடியில் தள்ளினாள். வெள்ளையாகக் கிடந்த இரண்டு முழமும் வெளியே போயிற்று. அதோடு சேர்ந்து பழுப்புக் கோடுகள் போட்ட ஒரு சதுரமும் போயிற்று. தைல நெடி ஹாலில் பரவியது. பின்னாலேயே கோனையும் உருட்டிவிட்டாள்.

“இதுல வரைங்க” என்றாள்.

மாமி குனிந்து அந்தச் சதுரத்தைப் பார்த்தார். நாற்காலி, கட்டில், கடிகாரம். நடுவில் தலையும் தோளுமாக ஒரு வெள்ளை. “என்ன புள்ள இது” என்றவர், தைலத்தை மோந்தவர்போல் மூச்சை இழுத்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. கஷாயம் வைத்துக் கொடுத்தவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

வைரக்கண்ணு கோனை எடுத்துப் பார்த்தான். எலெக்ட்ரீஷியன் கை, அதில் அது தீக்குச்சி மாதிரி இருந்தது. “எனக்கு இதெல்லாம் வராதுங்களே அண்ணி.”

“அழுத்துனா வரும். கட்டிலு எந்தப் பக்கம், கதவு எந்தப் பக்கம், ஃபேனு எங்க. கோடா இழுத்தாப் போதும்.”

அவன் அப்போதும் தயங்கி மாமியைப் பார்த்தான். மாமி மடியிலிருந்த தொழுகைப் பாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“தல மேற்கால இருந்துச்சா, கெழக்கால இருந்துச்சா?” என்றார். “அத மொதல்ல போடுப்பா.”

வைரக்கண்ணு முட்டி போட்டு உட்கார்ந்தான். முதல் அழுத்தலில் மருதாணி குபுக்கென்று வந்து ஒரு திட்டாக விழுந்தது. அதை விட்டுவிட்டு, பக்கத்தில் மெல்ல ஒரு கோடு இழுக்கப் பார்த்தான். வழுவழுத்த டைல்ஸ் தரையில் கோன் போன பக்கமெல்லாம் துணியும் சுருங்கிக்கொண்டு கூடவே போனது. பெனாசிர் தரையில் உட்கார்ந்து, விரலில் சுற்றியிருந்த துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்துப் போட்டாள். திரைக்கு அடியில் இரண்டு கைகளையும் முழங்கை வரை வெளியே நீட்டி, முந்தானையின் இரண்டு மூலைகளையும் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.